ஏசி ரூமில் கிடந்த பல்லி

வில்லாபுரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு கெக்கோ. மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லி. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் வேலையை விட்டிருந்தேன்.

வேலை என்றால், ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணனுக்கு ஏணி பிடிப்பது. அன்று போன வீட்டில், ஏசிக்கு நேர் கீழே கண்ணாடித் தொட்டியில் அது கிடந்தது. அதை வாங்கிய அந்த வீட்டு மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். பல்லி பட்டால் குளிக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. எட்ட நின்று இரை போட்டிருக்கிறார்கள்.

"வெளிநாட்டு ஜீவன், மதுரை வெயில் தாங்குமா? அதான் நாள் பூரா ஏசியிலயே வச்சிருக்கோம்" என்றார் அந்த வீட்டம்மா. அக்கறையாகத்தான் சொன்னார்.

வால் குச்சியாக இருந்தது. ஒரு கண் ஒட்டிப்போயிருந்தது. விரல்களில் நூல் சுற்றியதுபோல வெள்ளையாக ஏதோ. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அது நாலு நாள் தாங்காது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா என்று கேட்டேன்.

"கொண்டு போப்பா. திரும்பக் கொண்டுவர வேண்டாம்."

"மாப்ள, பல்லியா, வேலையா?" என்றார் அண்ணன் ஏணி உச்சியிலிருந்து. "நான் விழுந்தா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்குவ?"

அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டு, "வாரேண்ணே" என்று கிளம்பினேன். எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை.

நடக்க நடக்க டப்பா சூடேறியது. பல்லி தலையைத் தூக்கியது. வெயில் தாங்காதே என்று பயந்துபோய்த் துண்டால் மூடினேன்.

முதல் கிளினிக்கில், நாயும் மாடும் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவதில் இருந்த டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார்.

"ஏசியிலயா? இது வறண்ட பூமியில பிறந்ததுய்யா. சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது, தோலும் சரியா உரியாது. உரியாத தோல் விரலை இறுக்கிருச்சு, பாரு."

ஒரு விரல் கறுத்திருந்தது; அது விழுந்துவிடும் என்றார். தாடையை அழுத்திப் பார்த்து, கால்சியம் குறைவு என்றார். கண்ணை ஈரப்படுத்தி, பஞ்சால் தோலை மெதுவாக எடுத்தார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும், பூச்சியில் கால்சியம் பொடி தடவிக் கொடுக்க வேண்டும், தோலைப் பிய்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்.

"பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வால் தடிச்சா தேறிருச்சுன்னு அர்த்தம். வீட்ல எந்நேரமும் சூடா ஒரு இடம் இருக்கா?"

"வீடே இல்லைங்க. மாட்டுத்தாவணியிலதான் படுக்கறது."

கோழி மருந்துக்கு வந்திருந்த பண்ணைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "சூடுன்னா எங்க குஞ்சு ரூம்தான். பல்பு அணையாம ஆளு கூடவே கெடக்கணும். அதான் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான். நீ எம்புட்டு நாள் நிப்ப?"

டப்பாவைப் பார்த்தேன்.

"இது வால் தடிக்கிற வரைக்கும்ணே."

"நல்லா வந்து சேந்தீங்கடா ரெண்டு பேரும். காலையில வா."

மறுநாள் காலை அலங்காநல்லூர்ப் பக்கம் அந்தக் குஞ்சு ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். குஞ்சுகள் கொத்தாத உயரத்தில் டப்பாவை வைத்தேன். எல்லா பல்பும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பல்லியை இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மதுரை பஸ் ஹாரன் அடித்தது. கால் துறுதுறுத்தது. அது தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, விட்டுவிட்டு என்னால் எழ முடியவில்லை.