பூசையில் இருந்த பூட்ஸ்

எங்கள் சங்கம் தோற்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் பாதியில் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஆடுவார்கள். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை சாப்பிடுவார்கள். அதன் பிறகு வரிசையாகக் கோல் வாங்குவார்கள். அந்த ஆரஞ்சில்தான் ஏதோ இருக்கிறது என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். அடுத்த ஆட்டத்துக்கு வாழைப்பழம் வாங்கிப் போனார். அதிலும் தோற்றார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு இருந்தது. அப்பா ரயில் பட்டறையில் பிட்டர். பட்டறைத் தமிழர்கள் சேர்ந்து நடத்திய காற்பந்துச் சங்கத்துக்கு அவர்தான் காப்டன். சங்கத்துக்கென்று தனிக் கட்டடம் இல்லாததால் எங்கள் வீடே சங்கமாகிவிட்டது. ஆட்டம் முடிந்த மறுநாள் அம்மா எல்லாருடைய சட்டைகளையும் துவைத்துக் காயப் போடுவாள். தோற்ற சட்டையில்தான் சேறு அதிகம் ஒட்டுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே துவைப்பாள். கொடியில் தொங்கும் சட்டைகளைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் ஸ்கோர் கேட்க மாட்டார்கள். அது அவர்கள் காட்டிய கருணை.

அந்த வருடம் வீட்டில் யாரும் ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அப்பா சாப்பிடும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார். மாமா கட்டிலில் படுத்தபடி சுவரைக் காலால் உதைத்துக்கொண்டிருப்பார். சுவர் சும்மா இருந்தால் என்னவோ போலிருக்கும் எங்களுக்கு. எனக்கோ பிறவியிலேயே கால் நிற்காது. ஆக வீடு முழுக்க நடமாட்டம்தான். அம்மா மட்டும் அடுப்படியில் ஒரே இடத்தில் நின்று எங்கள் எல்லோரையும் திட்டினாள்.

காரணம் மாமாதான். அவர் அம்மாவின் தம்பி. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவரை அப்பா அழைத்து வந்து பட்டறைத் துரையின் முன் நிறுத்தினார். துரைக்குக் காற்பந்துப் பைத்தியம். ஒரே ஒரு உதை பார்த்துவிட்டு மாமாவுக்கு வேலை கொடுத்தார். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்திலும் பட்டறையிலும் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனவர்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மாமாவை மட்டும் துரை தொடவில்லை, சங்கம் லீக்கில் இருக்கும்வரை தொடவும் மாட்டார். கடைசி இடத்தில் நிற்கும் சங்கத்துக்கு அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை என்பது விதி. நாங்கள் கடைசியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க அது பெரிய வீடு இல்லை. சங்கம் விழுந்தால் மாமா கப்பலேற வேண்டும். அவர் பார்த்தே இராத, தாத்தா பிறந்த ஊருக்கு. கப்பல் என்ற சொல் காதில் விழுந்தாலே நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன்.

பாதிப் பருவத்தில் துரைக்கே பொறுக்கவில்லை. ஈரத் திடலில் வெறுங்காலோடு வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், சீனக் கடையில் சொல்லி எல்லாருக்கும் பூட்ஸ் செய்து கொடுத்தார். மாமா அதைப் போட்டுக்கொண்டு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து வைத்தார். ஒரு மாதம் போனதும் பூட்ஸ் காலுக்குப் படிந்தது. பிறகுதான் கொஞ்சம் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். பூட்ஸில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினோம். நான் ஆரஞ்சை மன்னித்தேன். எல்லாப் பூட்ஸையும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது என் வேலை. அதில் மட்டும் எனக்குக் கால் நின்றது.

இப்படியாகக் கடைசி ஆட்டம் வந்தது. கிள்ளானில், கிள்ளான் சங்கத்தோடு. அவர்களும் தமிழர்கள், ஒரு ரப்பர் ஆலையின் ஆட்கள். பட்டியலில் எங்களுக்கு ஒரே ஒரு படி மேலே நின்றார்கள். நாங்கள் ஜெயித்தால் அவர்கள் கடைசி. இல்லையென்றால் நாங்கள். அன்று பேய்மழை. பாடாங் திடல் குளமாகிப் போய் ஆட்டம் நிற்க, ஆட்டக்காரர்கள் நனைந்த கோழிகளாக வீடு திரும்பினார்கள். இனி அடுத்த வாரம்தான் என்று அப்பா சொன்னார்.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையில் இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பூசை போட்டு அரைநாள் விடுமுறை விடுவார்கள். வீட்டில் அப்பாவின் ஸ்பானர், அம்மாவின் அரிவாள்மணை, என் சிலேட்டு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. அப்பா பூட்ஸ்களையும் பந்தையும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "செருப்பைக் கொண்டாந்து சாமி முன்னாடி வைப்பாங்களா?"

"செருப்பு இல்ல, பூட்ஸ். மிருதங்கத்தை வைக்கிறாங்களே, அதுவும் தோல்தானே?"

அம்மாவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அவள் ஒத்துக்கொண்டுவிடுவாள். ஒவ்வொரு பூட்ஸுக்கும் நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பந்துக்குக் கொஞ்சம் பெரிய பொட்டு. மாமாவின் பூட்ஸுக்கு மட்டும் இரண்டு முறை வைத்தேன். அம்மா கற்பூரம் காட்டினாள். எல்லாரும் விழுந்து கும்பிட்டோம்.

பொங்கலில் கை வைக்கும்போது லீக் ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்தான். நேற்று நின்ற ஆட்டம் இன்று மாலையே கிள்ளானில் நடக்கும் என்றான். லீக்கை நடத்திய வெள்ளைக்காரர்களுக்கு ஆயுத பூசை என்று ஒன்று இருப்பது தெரியாது. அப்பா கையைக் கழுவிவிட்டு நேரே சாமி முன்னால் போய் ஒரு ஜோடியைத் தூக்கினார்.

"அதைக் கீழ வைங்க" என்றாள் அம்மா.

பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தொழிலே விளங்காது என்பது எங்கள் வரிசையில் எல்லாரும் அறிந்தது. காலையில் பூட்ஸை உள்ளே விட மறுத்தவள், இப்போது வெளியே விட மறுத்தாள்.

அப்பாவும் விடவில்லை. "காலையில இன்ஜினுக்கும்தான் பூசை போட்டோம். ரயில் நிக்குதா? ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"இன்ஜின் துரையோடது. இது நம்மளது."

சங்கத்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் ஓர் அண்ணன் மாதா கோயில்காரர். எனக்கு இந்தத் தடை கிடையாது அக்கா, என் ஜோடியை மட்டும் கொடுங்கள் என்றார். உன் பூட்ஸுக்கும் குங்குமம் வைத்தாகிவிட்டது, உன் கோயிலைக் கேட்டா வைத்தோம் என்று அம்மா அவரை அனுப்பினாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். போவது அவர் பிழைப்பு. மாமா சாமி முன்னால் இருந்த தன் ஜோடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம் அத்தான், இருக்கட்டும். அக்கா மனசு கஷ்டப்படும். அப்புறம் காலே ஓடாது எனக்கு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தம்பியைத் தன் கையாலேயே கப்பலேற்றுகிறோமோ என்று அவள் பயந்திருக்க வேண்டும். ஆனாலும் பூட்ஸை எடுத்துத் தரவில்லை. நான் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டுத் தொலைப்பேன் என்று என்னையும் அப்பாவோடு அனுப்பிவிட்டாள்.

கிள்ளான் போகும் ரயிலில் ஏறினோம். அத்தனை வெறுங்கால்களும் பெஞ்சுக்கடியில் ஆடிக்கொண்டே வந்தன. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். உட்காரு என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பாடாங் இன்னும் சேறாகத்தான் கிடந்தது. கிள்ளான்காரர்கள் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார்கள். அப்பா அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவர்கள் எல்லாருமே வெறுங்கால். அவர்களும் எங்கள் காலைப் பார்த்தார்கள்.  பிறகு கிள்ளான் கோல்கீப்பர் சிரித்தார். ஒல்லியாக, உயரமாக, நெற்றியில் காய்ந்த சந்தனக் கீற்றோடு இருந்தார்.

"உங்க வீட்டுலயும் விடலையா லா?" என்றார்.

அப்பாவும் சிரித்துவிட்டார். வெள்ளைக்கார ரெப்ரீ பூட்ஸ் எங்கே என்று கேட்டார். இரண்டு காப்டன்களும் சேர்ந்து அவருக்கு ஆயுத பூசையை விளக்கினார்கள். அப்பாவின் ஆங்கிலமும் கிள்ளான் காப்டனின் ஆங்கிலமும் சேர்ந்தும் அந்தக் காரியம் ஆகவில்லை. ரெப்ரீ தலையை ஆட்டிவிட்டு விசில் ஊதினார்.

அப்படியோர் ஆட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. ஓடியவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். பந்து ஒருபக்கம் போக ஆட்கள் மறுபக்கம் வழுக்கிப் போனார்கள். நான் கிள்ளான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எது வந்தாலும் அந்த ஒல்லி மனிதர் பாய்ந்து பிடித்துவிடுகிறாரே என்ற கோபம் எனக்கு. ஒருமுறை பந்தைக் கட்டிக்கொண்டு திரும்பி, "பாப்பா, மெதுவா கத்து, காது போயிரும்" என்றார். அதற்காகவே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கத்தினேன்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் வழக்கம்போல் தோற்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாமாவின் காலுக்குப் பந்து வந்தது. தோட்டத்துச் சேற்றில் வளர்ந்த கால் அது. மற்றவர்கள் தடுமாறிய இடத்தில் விரல்களை ஊன்றி நின்றது. பெருவிரல் நுனியால் ஒரு குத்து. பந்து தரையோடு போனது. கோல்கீப்பர் பாயக் காலை ஊன்றினார், ஊன்றிய கால் வழுக்கியது. அவர் கைக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து உள்ளே போயிற்று.

அந்த ஒரு கோல்தான். அதோடு ஆட்டம் முடிந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் மாமாவைத் தூக்கப் போனார்கள். மாமா அங்கே இல்லை. கோல் கம்பத்தருகே சேற்றில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பருக்குப் பக்கத்தில் போய் அவரும் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்களோ தெரியாது. ஜெயித்தவர் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் தோளில் இருந்தபடி மாமா மாமா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் அம்மா செய்தி கேட்டு அழுதாள். பூட்ஸை எடுக்காததால்தான் ஜெயித்தோம் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். கிள்ளான்காரர்களும் எடுக்கவில்லையே என்று அப்பா ஒருமுறை கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இல்லை, ஆனால் இந்த முறை ஒத்துக்கொள்ளவும் இல்லை. துரை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை நிலைத்தது. அப்பா எழுந்து வாசலைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சாப்பிட்டார். மாமா மட்டும் சுவரை உதைத்துக்கொண்டே இருந்தார். ஜெயித்த பிறகும் ஏன் உதைக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தீபாவளி முடிந்து சில நாட்களில் ஒரு காலை மாமா தன் பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். துறைமுகம் வரை போறேன், வர்றியா என்றார். நான் வரமாட்டேன் என்று சொன்ன இடம் எதுவும் கிடையாது. கிள்ளானைத் தாண்டி ரயில் கடைசிவரை போய் நின்றது.

துறைமுகத்தில் மூட்டைகளோடு ஒரு பெரிய வரிசை. பானை, பாய், தகரப் பெட்டி, தூங்கும் குழந்தைகள். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். அந்தக் கோல்கீப்பர். பக்கத்தில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இம்முறை நெற்றியில் சந்தனம் இல்லை.

"வருவேன்னு சொன்னீங்க. ஆனா வருவீங்கன்னு நினைக்கலை" என்றார் அவர். "டீமைக் கலைச்சுட்டாங்க. அதோட வேலையும் போச்சு."

மாமா பொட்டலத்தை நீட்டினார். கோல்கீப்பர் பிரித்துப் பார்த்தார். நான் எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்ஸ். வாருக்குள் ஓரமாக என் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"எனக்கு எதுக்குண்ணே? அங்க யாரு ஆடுறா?"

"தெரியலை. இருக்கட்டும், வச்சுக்குங்க" என்றார் மாமா.

எனக்குத் தாங்கவில்லை. தோற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. அந்த மனிதருக்கு யார் ஜெயித்தது என்பதே மறந்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"நீதானே அன்னைக்குக் கத்தின பாப்பா?"

"ஆமா" என்றேன், முன்னால் வந்து நின்று. "நாங்கதான் ஜெயிச்சோம்."

அவர் என் தலையில் கை வைத்தார். "ஆமாம்மா. நீங்கதான் ஜெயிச்சீங்க."

வரிசை நகர்ந்தது. அவர் பூட்ஸை ஒரு கையிலும் தகரப் பெட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதைச் சொல்லலாம் என்று மாமாவின் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வெயில் கண்ணைக் கூசுகிறதாக்கும் என்று நினைத்து, அவர் சட்டையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.