ஈரம் அவருக்கு ஆகாது

பல்லி முட்டையைப் புரட்டக்கூடாது, காயவிடக்கூடாது, வெயில் காட்டக்கூடாது. இந்த மூன்றையும் என் வீட்டுக்காரரிடம் நாற்பது நாள் சொன்னேன். சுவரிடம் சொல்லியிருந்தால் அதுவாவது கேட்டிருக்கும்.

நான் சொல்வது சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. தம்பி பெங்களூரில் வளர்த்த லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, நம்மைப் போல இமை மூடித் தூங்கும். வெளிநாட்டு வேலை கிடைத்ததும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. என் கையிலிருந்து புழு வாங்கித் தின்ன ஆரம்பித்ததும் என் அருவருப்பெல்லாம் போய்விட்டது. இரண்டாம் மாதம் இரண்டு முட்டை போட்டது. தம்பியிடம் இருந்தபோதே ஆணோடு சேர்ந்திருக்கிறது. முட்டை போட்டபின் தீனி எடுக்காமல் ஒரே வாரத்தில் செத்தும் போனது. மிச்சம் அந்த இரண்டு முட்டைதான். எப்பாடு பட்டாவது பொரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

போனில் வீடியோ பார்த்தால் எல்லாரும் பல்பு போடு, சூடேற்று என்கிறார்கள். குளிரில் நடுங்குகிற ஊர்க்காரர்கள் சொல்கிற யோசனை. கோவில்பட்டியில் சித்திரை மாதம் எவனாவது பல்பு போடுவானா? முட்டைக்கு வேண்டியது இருபத்தெட்டு டிகிரி. என் வீட்டு உள்ளறையே முப்பத்தாறு காட்டியது. மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற தெர்மோகோல் பெட்டி ஒன்றை வாங்கி, காலை, மதியம், சாயங்காலம் என்று உறைந்த தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தேன். ஈரம் பார்ப்பது அதைவிடப் பெரும்பாடு. தேங்காய்நார்த் தூளை நனைத்தால் கையில் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. இரண்டு சின்ன டப்பாவில் அதை நிரப்பி, டப்பாவுக்கு ஒரு முட்டையாகப் பதித்து, பெட்டிக்குள் வைத்தேன். முட்டையில் லேசாகக் குழி விழுந்தால் ஓரமாக நாலு சொட்டுத் தண்ணீர் விடுவேன். மூடியின் உள்பக்கம் நீர் கோத்து நின்றால்தான் எனக்கு நிம்மதி.

அவருக்கு அதுதான் ஆகாது. அவர் நடத்துவது தீப்பெட்டி ஆபீஸ். மழைக்காலத்தில் குச்சி நமுத்துப்போனால் குடி முழுகிப்போன மாதிரி உட்கார்ந்திருப்பார். அதே புத்தி வீட்டிலும். அப்பளம், செருப்பு, ரேஷன் கார்டு, எதில் ஈரம் பட்டாலும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவார்.

அன்றைக்கு நான் எட்டயபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவரிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்.

“பன்னெண்டு மணிக்கு ஐஸ் பாட்டிலை மட்டும் மாத்துங்க. டப்பாவத் தொடாதீங்க.”

“சரிட்டி, போயிட்டு வா. எனக்குத் தெரியாதா?”

மூன்று மணிக்குத் திரும்பிவந்து பெட்டியைத் திறந்தால் ஒரு டப்பாதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

“அதுல மூடியெல்லாம் தண்ணியா நின்னுச்சு. நமுத்துப்போச்சுட்டி. தெறந்து மாடியில வச்சிருக்கேன், நல்லாக் காயட்டும்.”

சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு. எனக்கு உபகாரம் செய்துவிட்டாராம்!

செருப்புக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன். தரை காலைச் சுட்டது. நார்த்தூள் மூக்குப்பொடி மாதிரி உலர்ந்து கிடந்தது. முட்டை சுண்டைக்காய் வற்றலாகச் சுருங்கியிருந்தது. மனசு கேட்காமல் பிரித்துப் பார்த்தேன். உள்ளே முழுக் குட்டி. வாலைச் சுருட்டிக்கொண்டு, முதுகில் பட்டை பட்டையாகக் கறுப்பு ஏறி, இன்னும் பத்து நாளில் வெளியே வரவேண்டியது.

“உங்களுக்கெல்லாம் காது இருக்கா? தொண்டை கிழியச் சொன்னேனே, பாவி மனுஷா!”

“ஒரு பல்லி முட்டைக்கு எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத? ஊருல பல்லிக்கா பஞ்சம்?”

அந்த வார்த்தை இன்னும் எனக்கு எரிகிறது. அவர் குச்சி நமுத்தால் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. என் முட்டை செத்தால் பஞ்சமா என்று கேட்பார். ஒரு வாரம் சோறு போட்டேன், முகம் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காலை இன்னொரு டப்பாவில் குட்டி வெளியே வந்திருந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்து மிரட்டியது. அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்று அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரத்திலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் குட்டியைக் காட்டி அளந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது.

“பாருக்கா, நம்ம வீட்டுலயே பொரிச்சது. இவ ஐஸு ஐஸுன்னு வச்சுக் கெடுக்கப் பாத்தா. நாந்தான் ஒரு நாள் மாடியில வெயில் காட்டி எடுத்தேன். அதுக்கப்புறந்தான் பொரிச்சுது.”

“ஒனக்கு ராசியான கைலே” என்றார் அக்கா.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

“மதினி, இது வெயிலையே பாக்காத முட்டை. இவிய வெயில்ல வச்ச முட்டையப் பின்னால வேப்பமரத்தடியில பொதைச்சு வச்சிருக்கேன். வாங்க, தோண்டிக் காட்டுதேன்.”

அவர் “ஏட்டி, ஏட்டி” என்று எழுந்து வருவதற்குள் நான் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.