டூங்கபிச் சத்திரத்தைத் தேடின நாலு மாதம்

சிட்னியிலை எனக்குக் கிடைச்ச வேலை, மற்றவன் கீறின படத்துக்கு மேலை மெல்லிய தாளைப் போட்டு அதை அப்பிடியே திருப்பிக் கீறுறது. கொழும்பிலை பதினாறு வருசம் நில அளவைப் படம் வரைஞ்சவனுக்கு! எழுபதுகளின்ரை நடுவிலை வந்து இறங்கின எங்களைப் போலை ஆக்களுக்கு இதெல்லாம் நடந்ததுதான் எண்டாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. படப் பகுதிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெரியவர் கெட்ட மனுசன் இல்லை. "உம்மடை நாட்டு அனுபவம் இஞ்சை எவ்வளவு பெறும் எண்டு எனக்குத் தெரியாது" எண்டு முகத்துக்கு நேரை சொன்னார்.

அந்த வருசக் கடைசியிலை சிட்னிக்கு மேற்காலை டூங்கபிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையை வீட்டுக் காணியளாய்ப் பிரிக்கிற வேலை எங்கடை கந்தோருக்கு வந்தது. அலுமாரியிலை கிடந்த நூறு வருசப் பழைய படத்தை எடுத்து விரிச்சால், பழைய றோட்டுக் கரையிலை ஒரு சின்னச் சதுரம். பக்கத்திலை 'சத்திரம்' எண்டு பொடி எழுத்து. குதிரை வண்டிக்காரர் குடிச்சுப் படுத்து எழும்பிப் போற இடம். பெரியவர் சிரிச்சார். "அங்கை ஒண்டும் இருந்ததில்லை. படக்காரன் கற்பனையிலை கீறியிருப்பான்."

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. செத்துப் போன அந்தப் படக்காரன் என்ரை மாமனோ மச்சானோ? இல்லை. எண்டாலும், "படம் கீறுறவன் இல்லாத வீட்டைக் கீற மாட்டான்" எண்டன்.

"அப்ப கண்டுபிடிச்சுக் காட்டும். காட்டினால் புதுப் படத்திலை அதைக் குறிப்பம். அந்தப் படத்தை நீரே கீறலாம். ஈஸ்டர் முடியப் புல்டோசர் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

உலோகம் தேடுற மெசின் ஒண்டு வாங்கினன். நீளத் தடி, நுனியிலை சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம், காதிலை மாட்டுறதுக்கு ஒரு போன். மண்ணுக்குக் கீழை ஒரு ஆணி கிடந்தாலும் காதுக்குள்ளை கீச்சிடும். "இந்த ஊரிலை சனம் பொன் தேடினதெண்டு கேள்விப்பட்டனான். என்ரை மனுசன் ஆணி தேடுறார்" எண்டு மனிசி சிரிச்சா.

வழி எனக்குத் தெளிவு. ஓடைக்கு மேலை இருந்த பழைய கல்லுப் பாலத்தின்ரை அடிக்கல் இன்னும் கிடந்தது. படத்திலை அதிலையிருந்து சத்திரத்துக்கு முப்பது சங்கிலித் தூரம், ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. திசையைப் படத்திலை பாகைமானி வைச்சு அளந்தன். பாலத்திலை நிண்டு திசை காட்டுற கொம்பாசைப் பிடிச்சு, நாடாவை இழுத்து இழுத்துப் போய், மாடு மேயிற ஒரு வெட்டையிலை முளை அடிச்சன். தோண்டின கிடங்கை மூடாமல் விட்டால் மாட்டின்ரை கால் முறியும் எண்டு பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொண்டையும் மூடினன். சனிக்கிழமை தவறினதில்லை. வெயில், மொய்ச்சு மூக்குக்குள்ளை பறந்து போற இலையான். கிடைச்சது தகர மூடி, வேலிக் கம்பி, டிராக்டர் ஆணி.

பெப்ரவரியிலை ஒரு நாள் பெரியவர், "என்ன, சத்திரம் வந்துதோ?" எண்டு கேட்டார். முதுகு முறிஞ்ச களைப்பு. "படம் பிழையாய் இருக்கலாம்" எண்டு என்ரை வாயாலையே சொல்லிப்போட்டன். அவர் பென்சிலை எடுத்து அந்தச் சதுரத்துக்கு மேலை, பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டார். அண்டைக்குப் பின்னேரம் வென்ட்வேர்த்வில்லிலை இருந்த வீட்டுக்கு ரெயினிலை வரேக்கை எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லேல்லை, உண்மையாய் வந்தது. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் மெசினைத் தூக்கினன்.

வீட்டிலை வேறை சண்டை. குசினி மூலையிலை மேசையிலை இருந்த சாமிப் பெட்டியை நான் கொம்பாஸ் பாத்துப் பென்சில் கோடு கீறி, நேர் கிழக்கு பாக்க வைச்சிருந்தன். மனிசி ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தேக்கை அதைக் கொஞ்சம் திருப்பி வைப்பா. நான் வந்து கோட்டுக்கு நேராக்குவன். "வெயில் வாற பக்கம் அதில்லையப்பா" எண்டுவா. "சூரியன் மாதத்துக்கு மாதம் இடம் மாறும். கொம்பாஸ் மாறாது" எண்டு நான் பாடம் எடுப்பன்.

மார்ச் இருபத்தோராம் திகதி விடியக்காலமை அவ கூப்பிட்டா. "இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ."

யன்னலாலை வந்த முதல் வெயிலிலை விளக்கின்ரை நிழல் மேசையிலை நீட்டி விழுந்து கிடந்தது. என்ரை கோட்டோடை சேரேல்லை. நல்லாச் சரிஞ்சு கிடந்தது. வாய் திறந்து பழைய பாடத்தைத் தொடங்கினன், பாதியிலை நிண்டுட்டன். பகலும் இரவும் சமமாய் வாற நாள் அது. அண்டைக்கு உலகத்திலை எங்கை நிண்டாலும் சூரியன் நேர் கிழக்கிலைதான் உதிக்க வேணும். அப்ப பிழை சூரியனிலை இல்லை.

ஐயோ, வெட்கக்கேடே! இலங்கையிலை கொம்பாஸ் ஊசி காட்டுற வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் கணக்கெடுக்காமல் விட்டுப் பழகின ஆள் நான். சிட்னியிலை ஊசி பன்னிரண்டு பாகை கிழக்காலை தள்ளி நிக்கும். புத்தகத்திலை படிச்சது, சோதினையிலை எழுதினது, நடக்கேக்கை காலிலை வரேல்லை. பழைய படம் உண்மையான வடக்குக்குக் கீறினது. நான் ஊசியை நம்பி நடந்து நாலு மாதம் வலப்பக்க வெட்டையைக் கிண்டியிருக்கிறன்.

"நீர் வைச்சதுதானப்பா சரி" எண்டன்.

"எனக்குத் தெரியும்" எண்டு போட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனா.

ஈஸ்டருக்கு முன்னம் ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சம். பாலத்திலையிருந்து திருப்பி அளந்தன். புது முளை பழையதுக்கு நானூறு அடிக்கு மேலை இடப்பக்கம் விழுந்தது. மெசினைக் கொளுவி நாலு அடி வைக்கேல்லை, காது கிழிஞ்சுது. சதுர ஆணி. பிறகு குதிரை லாடம், இன்னொரு லாடம். பின்னேரம் நாலு மணிக்கு, கரி பிடிச்ச அடுப்புக் கல்லுக்குப் பக்கத்திலை, பீப்பாவிலையிருந்து பியர் பிடிக்கிற பித்தளைக் குழாய். திருகினன். இறுகிக் கிடந்தது, ஆனால் முழுசு. அண்டைக்கு என்னோடை வந்திருந்த மனிசி அதைத் தன்ரை சீலைத் தலைப்பாலை துடைச்சா.

திங்கக்கிழமை அதைப் பெரியவரின்ரை மேசையிலை வைச்சன். கையிலை எடுத்துத் திருப்பிப் பாத்தார். "அப்ப நாலு மாதம் ஏன் கிடைக்கேல்லை?" எண்டு கேட்டார்.

இடம் தெரியாமல் தேடினன் எண்டு சொல்லியிருக்கலாம். ஆர் கண்டது? ஆனால் அந்தச் சதுரத்துக்கு மேலை கிடந்த புள்ளடி என்னைப் பாத்தது. சொன்னன். ஊசியை நம்பினதை, சாமிப் பெட்டியை, எல்லாத்தையும். பகிடியாய்ச் சிரிப்பார் எண்டு நினைச்சன். அவர் சிரிக்கேல்லை. "எப்பிடி நடந்தீர் எண்டு நான் முதல் கிழமையே கேட்டிருக்க வேணும்" எண்டு சொல்லி, அழிறப்பரை என்ரை பக்கம் தள்ளினார்.

தாள் கிழியாமல் மெல்ல மெல்ல அந்தப் புள்ளடியை நானே அழிச்சன். பிறகு புதுத் தாளைப் பலகையிலை ஒட்டி, காணியளைத் தொட முன்னம் மூலையிலை இரண்டு அம்பு கீறினன். உண்மையான வடக்குக்கு ஒண்டு, ஊசிக்கு ஒண்டு. இரண்டுக்கும் நடுவிலை, எந்தக் குருடனுக்கும் தெரியிற மாதிரி, பன்னிரண்டு எண்டு எழுதினன்.