பக்கத்துப் பாத்தி

2023 மார்ச் 11, சனிக்கிழமை. விடியுமுன் எழுந்து காபி போட்டு, மனைவியோடு மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். உப்பளம் அவள் பொறுப்பு. சனிக்கிழமைகளில் மண்வெட்டி தூக்குவது என் வேலை.

மற்ற நாட்களில் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மிச்ச நேரமெல்லாம் ஒரு பல்சருக்கு. சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் அது. சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பு வரும். தொலைநோக்கி வேறு ஊரில் இருக்கிறது, பதிவுகள் இணையத்தில் எனக்கு வந்துவிடும். துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெரியும். மழை விட்டதிலிருந்து இரண்டாவது மேடு மெல்லத் தணிந்துகொண்டே வந்தது. நட்சத்திரமே மாறுகிறது என்று கட்டுரை எழுதி முடித்திருந்தேன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

"இந்தப் பாத்தியில தண்ணி ரொம்ப இறங்கிட்டுதுங்க. பகல்ல வெயிலு அப்படி அடிக்குது" என்றாள் மனைவி.

"பக்கத்துப் பாத்தியப் பார்த்தியா?"

எட்டிப் பார்த்தாள். "அது அப்படியே நிக்குது."

"அப்போ வெயில் இல்ல. வரப்புல நண்டு வளை இருக்கும்."

"வாய் நல்லா வேலை செய்யுது. மண்வெட்டி யாரு கையில இருக்குது?"

என் நினைவு பல்சருக்குப் போய்விட்டது. அதே இரவுகளில், அதே கருவியில், ஒப்பிடுவதற்கென்றே இன்னொரு பல்சரையும் பதிவு செய்திருந்தார்கள். அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் வடிவமும் மாறியிருந்தால் மாறியது கருவிதான். கட்டுரையைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

"என் நட்சத்திரத்துக்கும் ஒரு பக்கத்துப் பாத்தி இருக்கு, அதப் பார்க்கவே இல்ல. வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"வளை?"

"நாளைக்கு."

கசிந்த இடத்தில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி அவளே மிதித்தாள். "தண்ணிக்கிட்ட சொல்லிட்டுப் போங்க, நாளைக்கு வரைக்கும் இருக்கச் சொல்லி."

பகல் முழுவதும் அந்த இரண்டாவது நட்சத்திரத்தின் துடிப்புகளை மாதவாரியாக அடுக்கினேன். சாப்பாடு ஆறிப்போனது. முதல் மாதப் படத்தின் மேல் கடைசி மாதப் படத்தை வைத்தபோது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தேன்.

மனைவி தேநீரோடு வந்து திரையைப் பார்த்தாள். "என்னா சொல்லுது உங்க பக்கத்துப் பாத்தி?"

"அப்படியே நிக்குது."

"அப்போ ஓட்டை உங்க பாத்தியிலதான்."

"ஆமா, நட்சத்திரமேதான் மாறுது" என்றேன். தேநீர் அன்று நன்றாக இருந்தது. இரண்டாவது நட்சத்திரத்தின் படத்தையும் கட்டுரையில் சேர்த்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை கணினியைத் திறக்கவில்லை. மண்வெட்டியோடு போய், வரப்பை வெட்டி வளையின் அடிவரை தோண்டி, களிமண் வைத்து அடைத்தேன்.