பிறர் பட்டாவில் நம் புல்

காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். விடியலில் பிடித்த மழை, சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே உள்ள குளுவாங் கடைவீதியில் தூறலாகக் குறைந்திருந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலக் கோப்புகளைக் கவனிப்பது என் வேலை. அதாவது, பிறருடைய நிலத்தைப் பற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டு கவலைப்படும் தொழில். எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நில அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து பழகிய என் சக துயரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆல்பம்

அன்று முதலில் வந்தவர்கள் முனியாண்டியும் அவர் மனைவி பார்வதியும். பக்கத்து ஊரான ரெங்கத்துக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலத்தில் புல்லை வேரோடு பத்தை பத்தையாக வெட்டி, லாரியில் ஏற்றிப் போய், புது வீட்டு முற்றங்களிலும் பள்ளித் திடல்களிலும் பதிப்பது அவர்கள் பிழைப்பு. நிலம் அவர்களுடையதன்று. முந்தைய வாரம் அதன் நுழைவாயிலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். வெட்ட வேறு நிலம் அவர்களுக்கு இல்லை.

முனியாண்டி ஒரு புகைப்பட ஆல்பத்தை என் மேசையில் விரித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே வெட்டியதற்கு ஆண்டுவாரியாகச் சான்று. அவர் எவ்வளவுக்கு எவ்வளவு நிரூபித்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு எனக்குக் கவலை கூடியது. நம் நாட்டு நிலச் சட்டத்தில், நெடுநாள் பயன்படுத்தியதாலேயே பிறர் நிலத்தில் உரிமை பிறப்பதில்லை. அனுமதி எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் அத்துமீறலுக்கு அவரே கொடுத்த வாக்குமூலமாகிவிடலாம். இதை மூன்று விதமாக விளக்கினேன். அவர் ஆல்பத்தை மூடினார்.

“அப்போ இத்தனை வருஷமா நான் திருடனா, மேடம்?”

எனக்கு முன்பே பார்வதி பதில் சொன்னார்: “படம் புடிச்சு வச்சிருக்கிற திருடன் நீங்க ஒருத்தர்தான்.”

இரண்டு பெயர்

பதிவேட்டைத் தேடியதில் பட்டாவில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் தர்மலிங்கம், மருத்துவமனையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், குளுவாங்வாசி. மற்றவர் அவருடைய தங்கை சுகந்தி, சிங்கப்பூரில் மருந்தாளர். இருவருக்கும் சரிபாதி. முனியாண்டி இத்தனை ஆண்டுகளும் அண்ணனிடம் மட்டுமே கேட்டிருக்கிறார். அண்ணனும் தலையை மட்டுமே அசைத்திருக்கிறார். நிலத்தை விற்கும் எண்ணத்தோடு நெடுநாளுக்குப் பிறகு பார்க்க வந்த தங்கை, யாரோ புல்லைப் பெயர்த்திருப்பதைக் கண்டு சங்கிலி போட்டுவிட்டார்.

தர்மலிங்கத்தை வரவழைத்து, புல் வெட்ட முறையான குத்தகைதான் வழி, ஆனால் தங்கையும் கையெழுத்திடாமல் முழு நிலத்துக்கும் அதை எழுத இயலாது என்று தெரிவித்தேன். புல் வெட்டுவதை ஒருமுறைகூடத் தங்கையிடம் சொல்லவில்லையா என்றும் கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொல்லணும்னு தோணலம்மா. புல்லுதானே லா, அது பாட்டுக்கு மொளைக்குது.”

முகப்பில் ஒரு பத்தை

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. மண்ணை ஓரிடத்திலிருந்து வெளியே கொண்டு போவதற்குத் தனி அனுமதி வேண்டும். புல் பத்தையின் அடியிலும் மண் ஒட்டியிருக்கிறதே, அது எதில் சேர்த்தி? எழுத்தில் கேட்டால் பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால், பார்வதியிடம் ஒரு பத்தையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி மலாய்ப் பெண்மணி, என்னைப் போலவே பொறுமைசாலி. அளவுகோலை வைத்துப் பத்தையின் கனத்தை அளந்தார். வேர் பிடித்திருக்கும் மண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே வெட்டுவதாக இருந்தால் விண்ணப்பத்தோடு வாருங்கள், கனத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள் என்றார். அதற்குள் பத்தையிலிருந்த எறும்புகள் முகப்பு மேசையில் வரிசை கட்டிவிட்டன. அவர் மலாயில் கேட்டார்:

“அக்கா, இவர்களும் எண் சீட்டு எடுத்தார்களா?”

விருந்தாளிக்காக

குத்தகைக்குச் சம்மதம் கேட்டு எழுதியதற்கு, நிலத்தை மீண்டும் நேரில் பார்த்த பிறகே முடிவு சொல்வதாகச் சுகந்தி தெரிவித்தார். அவர் வரும் செய்தி முனியாண்டிக்கு எட்டியது. அதன் பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள, புல் வெட்டுகிறவர்களின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இரண்டு வரிசை வெட்டினால், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டாமல் விடுவார்கள். அந்தப் பட்டையிலிருந்து கொடியோடித்தான் வெட்டிய இடம் ஏழெட்டு மாதத்தில் மறுபடி மூடும். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன் பட்டை விடுவதில்லை.

முனியாண்டியோ, உரிமையாளர் வருகிறாரே, நிலம் கோடு கோடாகக் கிடந்தால் நன்றாக இராது என்று எண்ணி, தங்கை தர்மலிங்கத்திடம் விட்டுச் சென்றிருந்த சாவியை வாங்கிக்கொண்டு முதல்நாள் மாலை முன்புற இரண்டு ஏக்கரிலும் பட்டைகளை ஒன்று விடாமல் பெயர்த்துச் ‘சுத்தம்’ செய்துவிட்டார். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் பெருக்கி வைப்பதில்லையா, அந்த எண்ணம். மறுநாள் நானும் சுகந்தியும் போய் இறங்கியபோது எதிரே செம்மண் மட்டுமே இருந்தது.

சுகந்தி காரின் கதவைக்கூட மூடவில்லை. “தோலை உரிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா நான் கையெழுத்துப் போடணும்?”

முனியாண்டி என்னைப் பார்த்தார். பார்வதிதான் முன்னால் வந்தார். “அலமாக், நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன் மேடம். உங்களுக்கு அழகா இருக்கட்டும்னு செஞ்சிட்டாரு. பின்னால வந்து பாருங்க. அங்க நான் மம்பட்டிய வைக்க விடல.”

பின்புற மூன்று ஏக்கரில் பட்டைகள் அப்படியே இருந்தன. முதலில் வெட்டிய பகுதி முழுதும் மூடியிருந்தது, அடுத்தது பாதி, கடைசியாக வெட்டியதில் கொடிகள் அப்போதுதான் மண்ணைத் தொட்டிருந்தன. சுகந்தி குந்தி உட்கார்ந்து ஒரு கொடியை விரலால் தூக்கிப் பார்த்தார். எத்தனை மாதம், எவ்வளவு தண்ணீர், மழை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். பார்வதி எதற்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். முன்புறத்துக்கு என்ன வழி என்று கேட்டபோது, பின்னாலிருந்து பத்தை கொண்டுபோய்ப் பட்டை பட்டையாகத் தாமே நட்டுத் தருவதாகச் சொன்னார். சுகந்தி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“சரி. மூணு வருஷத்துக்கு விக்கிறதைப் பத்திப் பேச மாட்டேன். ஆனா பத்திரம் உங்க பேர்லதான் அக்கா, அவரு பேர்ல இல்ல.”

பணியாள்

ஒப்பந்தம் மூன்று ஆண்டுக் குத்தகை. பட்டாவில் அதைக் குறித்துவிட்டால், பிறகு நிலம் கைமாறினாலும் குத்தகை செல்லுபடியாகும். பத்தையின் கனத்தை ஒரு விதியாக எழுதினேன். ஒரு சாண் பட்டையை இன்னொரு விதியாக எழுதினேன். சாண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பார்வதியின் சாணை அளந்து அங்குலத்திலும் குறித்தேன்.

கையெழுத்திடும் நாளில் முனியாண்டி எல்லாப் பக்கங்களையும் படித்துக் காட்டச் சொன்னார். அவர் பெயர் எங்கும் வரவில்லை. ‘குத்தகைதாரர் அமர்த்தும் பணியாள்’ என்பது நீங்கள்தான் என்றேன்.

“இருபத்திரண்டு வருஷம் ஐயாகிட்ட கேட்டேன். இனிமே இவகிட்ட கேட்கணுமா?”

பேனாவை மூடிக்கொண்டே பார்வதி சொன்னார்: “கேளுங்க. யோசிச்சு சொல்றேன்.”

மறுநாள் காலை

சுகந்தி இருட்டோடு பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். தர்மலிங்கம் ரெங்கத்துக்குப் போய்ச் சங்கிலியைத் தம் கையாலேயே அவிழ்த்தார். நான் நில அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்து, பட்டாவில் குத்தகையைக் குறிப்பதற்கான படிவத்தைக் கொடுத்தேன். பார்வதி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஏழே முக்காலுக்குத்தான் நிலத்துக்கு வந்தார். ஏழு மணிக்கே வந்துவிட்ட முனியாண்டி, திறந்து கிடந்த வாசலுக்கு வெளியே, மம்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

நிலம் யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. புல் யாருடையது என்பதை முனியாண்டி ஏற்றுக்கொள்ளத்தான் முத்திரையிட்ட ஒன்பது பக்கங்கள் தேவைப்பட்டன.