கசிந்ததாக எழுதப்பட்ட டப்பா

அழுகும் பொருள் பற்றிய கடிதத்துக்கு ஏழு நாளைக்குள் பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் இலாகா விதி. தென்காசி விவசாய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது மனப்பாடம். மேலதிகாரிகளுக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

அறுபதுகளில் ஒரு மாசி மாதம் எங்களுக்கு ஒரு டப்பா மெழுகுப் பால் வந்தது. அதைத் தண்ணீரில் கலந்து, பழத்தை முக்கியெடுத்து நிழலில் உலர்த்தினால் தோலில் மெல்லிய படலம் படியும். பழம் சீக்கிரம் வாடாது; சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை. விவசாயிகளுக்குச் செய்து காட்டத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் திறப்பதற்கு மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அழுகும் பொருள் சம்பந்தம் என்று குறிப்பிட்டே எழுதிக் கேட்டேன்.

டப்பா வந்ததைக் கேள்விப்பட்டு ஆய்க்குடியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பங்குனி உத்திரத்தன்று கோயில் தண்ணீர்ப் பந்தலுக்கு, பானகம் கரைக்க எலுமிச்சம்பழம் கொடுப்பது அவருடைய கணவரின் வழக்கம். அவர் இல்லாத முதல் உத்திரம் அது. மரங்களோ முந்திக் காய்த்துவிட்டன. மூன்று கூடைப் பழம் இன்னும் மூன்று வாரம் தாங்க வேண்டும்.

“கடையில் வாங்கிக் கொடுங்களேன்” என்றேன்.

“அவிய நட்ட மரம் அங்கன நிக்கையில, கடைப் பழத்தையா குடுக்கச் சொல்லுதிய?”

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்.

“தோலு சுருங்குது சார். டப்பாவ எப்பத்தான் தொறப்பிய?”

“உத்தரவு வரணும்மா.”

“வாரதுக்குள்ள ஊறுகாய்தான் போடணும். அதுக்கும் ஒரு உத்தரவு கேப்பியளோ?”

அன்று மாலை விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். கசியும் டப்பாவிலுள்ள பொருளை அனுமதிக்குக் காத்திராமல் உடனே பயன்படுத்தலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. பியூனைக் கூப்பிட்டு, டப்பா கசிகிறது என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் கசியலியே, சார்?”

“ஆணி இருக்கா?”

சிரித்துக்கொண்டே சுத்தியலையும் சேர்த்து எடுத்து வந்தார். டப்பா கசிந்ததாகப் பதிவேட்டில் எழுதினேன்.

மறுநாள் ஆய்க்குடியில் அந்த அம்மாளும் நாங்களும் பழங்களை முக்கினோம். நன்றாகப் பிடிக்கட்டும் என்று முதல் கூடைக்கு நான் தண்ணீரைக் குறைத்தேன். கெட்டியாகப் படிந்த பழங்கள் மூச்சு முட்டியதுபோல் ஒரு வாரத்தில் நாற்றமெடுத்தன. மற்ற இரண்டு கூடையும் தாங்கின. உத்திரத்தன்று பந்தலில் வரிசையில் நின்றேன். முதல் தம்ளரை அந்த அம்மாளே நீட்டினார்.

டப்பா சேதமில்லாமல் இருந்தால் மட்டும் திறக்கலாம் என்ற பதில், குற்றாலத்தில் சாரல் பிடித்த பிறகு, ஜூலை ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்தது.