வெட்டி எறிந்த பட்டுக்கரை

இந்த ஊரில் வேர்வை மணக்கும் விளையாட்டுச் சட்டையைத் துவைக்காமலே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். செத்துப்போன நாயின் கழுத்துப்பட்டி, குழந்தையின் முதற் சப்பாத்து, ஒருமுறை யாரோ ஒருவரின் வயிற்றிலிருந்து எடுத்த பித்தப்பைக் கல்கூடச் சட்டம் போட வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பிரெஞ்சு பேசும் இந்த லாசாலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவற்றைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பு என்மேலேயே திரும்பிய கதையை அங்கே நம் ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் ஜப்பானியப் பெண்மணி ஒருவர் நீண்ட மரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே சுருட்டிய பட்டு. விரித்தால் நடுவில் கடதாசி, அதில் கரிய மையில் சில எழுத்துகள். ஜென் துறவி ஒருவர் தூரிகையால் எழுதியதாம். தேநீர்ச் சடங்குக்கு வருகிறவர்கள் முதலில் இந்த எழுத்தின் முன்தான் குனிந்து வணங்குவார்களாம், தேநீரெல்லாம் அதற்குப் பிறகுதானாம். வந்தவர் வேறு, வீட்டுக்காரர் வேறு இல்லை என்பது அதன் கருத்து என்று என் அரைகுறைப் பிரெஞ்சுக்கு ஏற்றபடி மெதுவாகச் சொன்னார். அடியில் இருந்த உருளைக்கட்டை கழன்றுவிட்டது, அதை ஒட்டித் தந்தால் போதும் என்றார்.

அவர் போனதும் முதலாளி மங்கிய பட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். இந்தப் பழந்துணியை வெட்டிவிட்டு எழுத்தை மட்டும் கண்ணாடிக்குள் போடு, பார்த்ததும் மகிழ்ந்துபோவாள் என்றார். கட்டையை ஒட்டத்தானே கேட்டார் என்று ஒருமுறை சொன்னேன். ஒரேயொரு முறை. பிறகு கத்தியை எடுத்தேன். பட்டு கொஞ்சமும் உக்கியிருக்கவில்லை, கத்திக்கு விட்டுக்கொடுக்காமல் இழுத்துப் பிடித்தது. வெட்டிய கரையைக் குப்பைவாளியில் போட்டேன். மாலையில் முதலாளி அதன்மேல் கோப்பி மண்டியைக் கொட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மனைவி ஒரு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தாள். அவளை அழைக்கும் ஸ்பொன்சர் படிவத்தோடு வைக்க வேலைக் கடிதம் வேண்டும். முதலாளி இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். கண்ணாடிச் சட்டத்தைக் கண்டதும் கை வாயைப் பொத்தியது. பட்டு உக்கிப்போய்க் கையோடு வந்துவிட்டது என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"உண்மையாகவே உக்கியிருந்ததா?"

"உய், மடாம்," என்றேன். ஆம் என்ற அந்தச் சொல்தான் இந்த ஊர் மொழியில் நான் நாக்குத் தடுமாறாமல் சொன்ன முதற் சொல்.

யாழ்ப்பாணத்தில் ஒருமுறை சோதனைச் சாவடியில் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். என் நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டியிருந்தார்கள். பயத்தில் சொன்ன பொய் என்று என்னை நானே மன்னித்துக்கொள்ள முடிந்தது. லாசாலில் என்னை நோக்கி யார் எதை நீட்டினார்கள்?

அந்த அம்மா சட்டத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தார். மரத்தூள் கிடந்த நிலத்தில் முழந்தாளிட்டு அந்த எழுத்தை வணங்கினார். எழுந்து எனக்கும் குனிந்து நன்றி சொன்னார். முதலாளி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணடித்தார். இனி நீயும் எங்கள் ஆள் என்றார் பிறகு. அன்று பின்னேரமே கடிதம் கைக்கு வந்தது. நான் நேர்மையான தொழிலாளி என்று அதில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் கிடைத்த செய்தியைக் கேட்டு மனைவி அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நான் அங்க வந்தவுடன அந்த முதலாளிக்கு என்ர கையால ஒருக்காச் சமைச்சுக் குடுக்கவேணும். நல்ல மனிசன், என்ன?"

"ஓம்," என்றேன், "நல்ல மனிசன்."

பிரெஞ்சில் சொன்ன பொய்யைக் கடையோடு விட்டுவிட்டு, வீட்டுக்குத் தமிழனாகத் திரும்பிவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.